மூடிக் கிடக்கும் வால்வு

அடுத்த முறை தி.நகருக்கு ஜவுளி எடுக்கப் போகும்போது எனக்காக ஒரு சின்னக் காரியம் செய்யுங்கள். சேலையைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள்.

ஆடித் தள்ளுபடித் தோரணம், சீரியல் பல்பு, ஏ.சி. துவாரம், கண்காணிப்பு கேமரா எல்லாவற்றுக்கும் நடுவே, பத்துப் பதினோரு அடிக்கு ஒன்றாக, பித்தளையில் சின்னதாக ஒரு மூக்கு தொங்கிக்கொண்டிருக்கும். அதன் நடுவே தீக்குச்சி கனத்தில் ஒரு கண்ணாடிக் குமிழ். உள்ளே சிவப்பாகத் திரவம். அதுதான் ஸ்பிரிங்க்ளர். தொழிலில் இருப்பவர்கள் 'ஹெட்' என்பார்கள்.

அப்படி எதுவுமே கண்ணில் படவில்லை என்றால், அத்தனை மாடி ஏறி அந்தக் கடையில் ஜவுளி எடுக்கத்தான் வேண்டுமா என்று யோசியுங்கள். இருந்தால்? நிம்மதியாகச் சேலை எடுக்கலாமா? அதைப் பற்றித்தான் இந்த வாரம்.

இந்த ஸ்பிரிங்க்ளர் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் ஆங்கிலப் படங்களில் பார்த்ததுதான். வில்லன் சிகரெட்டை மேலே தூக்கிப் பிடிப்பான். உடனே கட்டடம் முழுக்க மழை கொட்டும். எல்லோரும் நனைந்தபடி ஓடுவார்கள். சுத்தப் புளுகு. நிஜத்தில் புகைக்கும் ஸ்பிரிங்க்ளருக்கும் சம்பந்தமே இல்லை. அது சூட்டுக்குத்தான் வேலை செய்யும். சிவப்புக் குமிழ் என்றால் 68 டிகிரி செல்சியஸ். அந்தச் சூடு வந்ததும் உள்ளே இருக்கும் திரவம் விரிந்து குமிழ் உடையும். அடைப்பு விலகும். எந்த ஹெட்டுக்குக் கீழே தீ எரிகிறதோ அந்த ஹெட் மட்டும் திறக்கும். பக்கத்து ஹெட் சும்மா இருக்கும். அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் பல வருடங்களாகக் கணக்கு வைத்திருக்கிறது. ஸ்பிரிங்க்ளர் திறந்த தீ விபத்துகளில் நான்கில் மூன்று பங்கில் திறந்தது ஒரே ஒரு ஹெட்தான்.

புதுச் சமாச்சாரமும் இல்லை. ஹென்றி பார்மலி என்ற அமெரிக்கர் தன்னுடைய பியானோ தொழிற்சாலையைக் காப்பாற்ற 1874-ல் காப்புரிமை வாங்கிய சரக்கு இது. அதை எப்படிப் பொருத்த வேண்டும் என்று விதிமுறைப் புத்தகம் 1896-லேயே போட்டுவிட்டார்கள். மின்சாரம், கம்ப்யூட்டர், சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம். ஒரு குமிழ், ஒரு குழாய், குழாய்க்குள் அழுத்தத்தோடு தண்ணீர். அவ்வளவுதான்.

குழாய்க்குள் தண்ணீர். அங்கேதான் நம் ஊர் கதை ஆரம்பிக்கிறது.

*

கொஞ்ச நாள் முன்பு உறவினர் ஒருவருக்கு ஆபரேஷன். சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனை. பெயர் வேண்டாம். இந்தக் கதைக்கு எந்த மருத்துவமனையின் பெயரைப் போட்டாலும் பொருந்தலாம் என்பதுதான் என் பயமே. இரவு பதினோரு மணிக்குக் காபி தேடிக் கீழ்த்தளத்துக்குப் போனேன். பம்ப் ரூம் கதவு திறந்திருந்தது. உள்ளே சிவப்பு பெயின்ட் அடித்த குழாய்கள், மூன்று பம்ப், உடைந்த நாற்காலிகள், அட்டைப் பெட்டிகள். குழாய் மேலே பிரஷர் காட்டும் மீட்டர். முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது. பேனலில் ஒரு ஸ்விட்ச். ஆட்டோ, மேனுவல், ஆஃப் என்று மூன்று நிலை. அது ஆஃபில் இருந்தது.

பராமரிப்பு ஊழியர் ஒருவர் பீடி குடிக்க அந்தப் பக்கம் வந்தார். கேட்டேன்.

"மூணாவது மாடில ஒரு ஹெட்டு லீக்கு சார். ஸ்கேன் மிஷின் மேல சொட்டுதுன்னு டாக்டர் சத்தம் போட்டாரு. அதான் வால்வை மூடிட்டோம்."

"எப்போ?"

"தெரியல சார். நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடி."

"நீங்க எப்போ சேர்ந்தீங்க?"

"ரெண்டு வருஷம் ஆச்சு சார்."

"தீப் பிடிச்சா?"

வாசலைக் காட்டினார். சுவரில் வரிசையாகச் சிவப்பு வாளி தொங்கியது. மணல் வாளி. எட்டிப் பார்த்தேன். மணலை விட வெற்றிலை எச்சில் அதிகமாக இருந்தது.

ஒரு ஹெட் ஒழுகுகிறது. அதை மாற்ற ஆகும் செலவு, அந்த மருத்துவமனையில் ஒரு இரவு தங்கும் அறை வாடகையில் சின்னப் பங்கு. ஆனால் மாற்றுவதற்கு ஆளைக் கூப்பிட வேண்டும். மூடுவதற்கு ஒரு கை போதும். அந்தக் கை மூடியதில் ஐ.சி.யூ., பிரசவ வார்டு உட்பட மொத்தக் கட்டடத்துக்கும் தண்ணீர் போய்விட்டது. மேலே குமிழ்கள் மட்டும் சிவப்பாக, அழகாக, கடமை உணர்ச்சியோடு தொங்கிக்கொண்டிருக்கின்றன. தீப் பிடித்தால் அவை ஒழுங்காக உடையும். காற்றுதான் வரும்.

நம் ஊர்ப் புத்தி இது என்று தலையில் அடித்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவிலும் இதே கதைதான். தீ பெரிதாகி ஸ்பிரிங்க்ளர் திறக்க வேண்டிய நிலை வந்த விபத்துகளில், பத்தில் ஒன்பதுக்கு மேல் அது வேலை செய்திருக்கிறது. வேலை செய்யாமல் போன மிச்சத்தில் பாதிக்கு மேல் ஒரே காரணம்தான். யாரோ எங்கோ வால்வை மூடி வைத்திருந்தார்கள். கருவி கெட்டுப்போகவில்லை, மனிதன் மூடிவிட்டான். வித்தியாசம் என்னவென்றால், அங்கே அதை எண்ணிக் கணக்கு வைத்திருக்கிறார்கள். இங்கே எத்தனை வால்வு மூடிக் கிடக்கிறது என்று கணக்கு எடுத்து நீங்கள் எப்போதாவது படித்திருக்கிறீர்களா?

*

சரி, ஹெட் ஏன் ஒழுகுகிறது? அதை மாட்டியவர் யார்?

என் தெருவில் ஒரு வணிகக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தபோது, டீக்கடையில் ஒரு தம்பியோடு பழக்கம். இருபத்தெட்டு வயது. திருவண்ணாமலைப் பக்கம். ஸ்பிரிங்க்ளர் குழாய் மாட்டுவதுதான் வேலை. பிளம்பருக்கு எடுபிடியாக வந்தவர், பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். ஒன்பது வருட அனுபவம். மால், ஐ.டி. கம்பெனி, மருத்துவமனை எல்லாவற்றிலும் மாட்டியிருக்கிறார்.

"இந்த வேலை தெரியும்னு யாராவது உங்ககிட்ட சர்ட்டிபிகேட் கேட்டிருக்காங்களா தம்பி?"

"ஆதார் கார்டு கேப்பாங்க சார்."

கட்டடக் கம்பெனி ஒரு கான்ட்ராக்டரிடம் கொடுக்கிறது. அவர் சப்-கான்ட்ராக்டரிடம் தருகிறார். அவர் லேபர் கான்ட்ராக்டரிடம். கடைசியில் இருபது அடி சாரத்தின் மேல், இடுப்பில் பெல்ட் கூட இல்லாமல் அண்ணாந்து குழாய் முறுக்குகிற இந்தத் தம்பிக்கு, மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. எத்தனை மீட்டர் ஓடியது என்பதுதான் கணக்கு. எத்தனை ஜாயின்ட் ஒழுகவில்லை என்பது கணக்கே இல்லை. கூலி நாலு கை மாறி வரும்போது எவ்வளவு மிஞ்சும் என்று உங்களுக்கே தெரியும்.

"பிரஷர் டெஸ்ட் போடுவீங்களா?"

குழாய் மாட்டியதும் அதில் சுமார் 14 பார் அழுத்தத்தில் தண்ணீரை ஏற்றி, இரண்டு மணி நேரம் அப்படியே வைத்துப் பார்க்க வேண்டும் என்பது உலகம் முழுக்கப் புழங்கும் அமெரிக்க விதி. ஒழுகினால் அங்கேயே தெரிந்துவிடும்.

"போடச் சொல்லித்தான் சார் டிராயிங்ல இருக்கும். ஆனா நாங்க குழாயை முடிக்கறதுக்குள்ள ஃபால்ஸ் சீலிங் ஆளு வந்து மூடிடுவான். அவனுக்கும் தேதி குடுத்திருப்பாங்கல்ல? அவனுக்கு அப்புறம் பெயின்டர் வருவான். ஹெட்டு மேலயும் சேர்த்து அடிச்சிட்டுப் போயிருவான். வெள்ளையா இருந்தாத்தான் நல்லா இருக்குன்னு ஓனரும் சொல்லுவாரு."

பெயின்ட் அடித்த ஹெட் செத்த ஹெட். சூடு உள்ளே போகத் தாமதமாகும், அல்லது அடைப்பு விலகாமல் ஒட்டிக்கொள்ளும். சுரண்டிப் பயன்படுத்தக்கூடாது, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதுதான் போட வேண்டும். தம்பிக்கு இது தெரியும். பெயின்டருக்கும் ஓனருக்கும் தெரியாது. தெரிந்த தம்பிக்கு அந்தக் கட்டடத்தில் வாயைத் திறக்க அதிகாரம் கிடையாது.

உங்கள் வீட்டுக்கு மின் இணைப்பு வாங்க, உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் கையெழுத்துப் போட வேண்டும். வயர்மேனுக்கு அரசாங்கம் பரீட்சை வைத்துச் சான்றிதழ் தருகிறது. ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவருக்கு லைசென்ஸ், வண்டிக்கு எஃப்.சி. லிஃப்ட்டுக்குத் தமிழ்நாட்டில் 1997-லிருந்து தனிச் சட்டமே உண்டு. ஆனால் ஆயிரம் பேர் நிற்கிற கட்டடத்தின் தலைக்கு மேல் உயிர் காக்கும் குழாயை மாட்டுகிற மனிதரிடம் ஆதார் கார்டு மட்டும் கேட்கிறோம்.

அமெரிக்காவில் இந்த வேலைக்கு 'ஸ்பிரிங்க்ளர் ஃபிட்டர்' என்று தனிப் பெயர், தனித் தொழிற்சங்கம். சங்கத்தின் வழியாக வருகிறவர் ஐந்து வருடம் பயிற்சியாளராக இருந்த பிறகுதான் முழு ஃபிட்டர். பல மாநிலங்களில் லைசென்ஸ் இல்லாமல் ஸ்பானரைத் தொட முடியாது. வடிவமைப்பவருக்கும் படிப்படியாகச் சான்றிதழ் உண்டு. அங்கே எல்லாம் தேவலோகம் என்று சொல்லவில்லை. அங்கேயும் 1998-ல் 'ஒமேகா' என்ற ரகத்தில் 84 லட்சம் ஹெட்டுகளைத் திரும்பப் பெற்றார்கள். உள்ளே இருந்த ரப்பர் வளையத்தில் கோளாறு, தீப் பிடித்தால் திறக்காமல் போகலாம் என்று தெரிந்தது. எப்படித் தெரிந்தது? மாட்டிய ஹெட்டைக் கழற்றிச் சோதித்துப் பார்க்கும் பழக்கம் இருந்ததால் தெரிந்தது. நம் ஊரில் ஒரு ஹெட் கழற்றப்படுவது பெரும்பாலும் அதன் கீழே புது அலமாரி வைப்பதற்காகத்தான்.

*

விதிமுறை இல்லையா? இருக்கிறது. கட்டுக் கட்டாக இருக்கிறது.

தேசியக் கட்டட விதித் தொகுப்பு 2016, நான்காம் பகுதி முழுக்கத் தீ பற்றித்தான். எந்தக் கட்டடத்துக்கு எத்தனை உயரத்தில் ஸ்பிரிங்க்ளர் வேண்டும் என்று அட்டவணையே போட்டிருக்கிறது. ஸ்பிரிங்க்ளர் வடிவமைப்புக்கென்று ஐ.எஸ். 15105 என்ற தர விதி இருக்கிறது. ஆனால் தேசியத் தொகுப்பு என்பது ஒரு பரிந்துரைதான். மாநில அரசு தன் விதியில் சேர்த்தால்தான் அதற்குப் பல் முளைக்கும். தேசியத் தொகுப்பு 15 மீட்டரைத் தொட்டாலே உயரக் கட்டடம் என்கிறது. தமிழ்நாட்டின் 2019-ஆம் வருடக் கட்டட விதிகளோ 18.30 மீட்டரைத் தாண்டினால்தான் உயரக் கட்டடம் என்கின்றன. நடுவில் உள்ள மூன்றேகால் மீட்டரில் ஒரு முழு மாடி வருகிறது சார்! தீக்கு இந்த வித்தியாசம் எப்படித் தெரியும்?

அதை விடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. ஸ்பிரிங்க்ளர் வடிவமைப்பு என்பது கட்டடத்தைப் பார்த்துச் செய்வதில்லை. உள்ளே என்ன எரியப் போகிறது என்பதைப் பார்த்துச் செய்வது. அலுவலகம், மருத்துவமனை வார்டு என்றால் ஒரு ஹெட் 21 சதுர மீட்டரைப் பார்த்துக்கொள்ளும். கடை என்றால் 12 சதுர மீட்டர்தான். சரக்கை உயரமாக அடுக்கி வைக்கும் கிடங்கு என்றால் இன்னும் நெருக்கமாக, இன்னும் அதிகத் தண்ணீரோடு, வேறு பம்ப்போடு. ஹெட்டுக்குக் கீழே ஒன்றரை அடிக்கு எந்தப் பொருளும் இருக்கக்கூடாது. தண்ணீர் குடை மாதிரி விரிய இடம் வேண்டும்.

இப்போது நம் ஜவுளிக் கடையின் மேல் மாடி கோடவுனை நினைத்துப் பாருங்கள். பிளானில் அலுவலகம். நிஜத்தில் கூரையை முட்டும் பட்டுச் சேலைப் பெட்டிகள், பிளாஸ்டிக் கவர், அட்டை. அலுவலகத்துக்குப் போட்ட குழாய், கிடங்குத் தீயோடு சண்டை போட வேண்டும். குழந்தை கையில் குடையைக் கொடுத்துப் புயலைத் தடுக்கச் சொல்வது மாதிரி.

இது கற்பனை இல்லை. கொல்கத்தாவில் ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனையில் 2011 டிசம்பர் 9-ஆம் தேதி விடியற்காலையில் தீப் பிடித்து, புகையில் மூச்சுத் திணறிச் சுமார் 90 பேர் செத்தார்களே, தீ ஆரம்பித்தது அடித்தளத்தில். கார் நிறுத்த என்று அனுமதி வாங்கிய இடம். அங்கே இருந்தது கார் அல்ல, சாமான்கள்.

லாஸ் வேகாஸ் எம்.ஜி.எம். கிராண்ட் ஓட்டல் கதை இன்னும் விசேஷம். 1980 நவம்பர் 21. கீழே இருந்த உணவகத்தில் மின்கோளாறில் தீ. சூதாட்டக் கூடம் வழியாகப் பரவி, 85 பேர் பலி. பெரும்பாலானவர்கள் மேல் மாடிகளில் புகையால் செத்தவர்கள். அந்தக் கட்டடத்தில் ஸ்பிரிங்க்ளர் இருந்தது. ஆனால் உணவகத்திலும் சூதாட்டக் கூடத்திலும் இல்லை. காரணம்? 'இங்கே 24 மணி நேரமும் ஆட்கள் இருப்பார்கள், தீயை உடனே பார்த்துவிடுவார்கள்' என்று விதிவிலக்கு வாங்கியிருந்தார்கள். பிற்பாடு உணவகத்தை இரவில் மூட ஆரம்பித்தார்கள். விதிவிலக்கை யாரும் மூடவில்லை. தீ வந்தபோது அங்கே ஈ, காக்கா இல்லை. ஸ்பிரிங்க்ளர் இருந்த பகுதிகளை எட்டிய இடத்தில் தீ நின்றது.

*

நான் பி.காம். படித்தவன். பேலன்ஸ் ஷீட் பாஷையில் சொல்கிறேன்.

அந்த ஓட்டலில் விட்டுப்போன இடத்துக்கு ஸ்பிரிங்க்ளர் போட ஆகியிருக்கக்கூடிய செலவாகச் சொல்லப்பட்டது 1 லட்சத்து 92 ஆயிரம் டாலர். பிறகு நஷ்ட ஈடாகப் போனது 22 கோடியே 30 லட்சம் டாலர். எந்தக் கணக்குப் பிள்ளையும் இந்த வியாபாரத்துக்குச் சம்மதிக்க மாட்டார். ஆனாலும் நம் முதலாளிகள் ஏன் தினமும் சம்மதிக்கிறார்கள்?

ஏனென்றால், நடக்காத விபத்துக்கு லெட்ஜரில் பக்கம் கிடையாது. ஷோரூம் வாசலில் சாண்டலியர் மாட்டினால் அது சொத்து. நடிகையைக் கூட்டி வந்து விளம்பரம் எடுத்தால் அடுத்த மாதம் விற்பனையில் தெரியும். ஸ்பிரிங்க்ளர் பராமரிப்பு மட்டும் தீப் பிடிக்காத ஒவ்வொரு வருடமும் வீண் செலவாகவே தெரியும். இன்னொரு காரணம் கசப்பானது. அமெரிக்க ஓட்டல்காரர் கட்டினார். இங்கே யார் கட்டுகிறார்கள்? சரக்குக்குத் தீ இன்சூரன்ஸ் இருக்கிறது. கட்டடத்துக்கும் இருக்கிறது. கடைக்கு மேல் மாடியிலோ பின்சந்திலோ தங்கவைக்கப்பட்டு, பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே சேலை விரித்துக் காட்டுகிற பெண்ணுக்கு? நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள்.

ஒரு காலத்தில் இன்சூரன்ஸ்காரர்களாவது வாத்தியார் வேலை பார்த்தார்கள். கட்டண ஆலோசனைக் குழு என்று ஒன்று இருந்தது. ஸ்பிரிங்க்ளர் எப்படிப் போட வேண்டும் என்று அதற்குத் தனிப் புத்தகம். அதன்படி போட்டால் பிரீமியத்தில் தள்ளுபடி. தள்ளுபடி வேண்டுமே என்பதற்காகவாவது முதலாளிகள் ஒழுங்காகப் போட்டார்கள். 2007-ல் தீ இன்சூரன்ஸில் கட்டணக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு பிரீமியத்தைக் குறைத்தன. குழாய் போடாமலே தள்ளுபடி கிடைக்கும்போது குழாய் எதற்கு?

அரசாங்கம் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். அனுமதியை மீறிக் கட்டிய கட்டடங்களைப் பணம் வாங்கிக்கொண்டு முறைப்படுத்த, நகரமைப்புச் சட்டத்தில் 1998-ல் 113-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். ஒரு முறை மட்டும் என்று சொல்லிவிட்டு, திரும்பத் திரும்பத் தேதியை நீட்டினார்கள். நீதிமன்றம் கண்டித்தது. சென்னையில் விதிமீறல் கட்டடங்கள் இடிபடாமல் காப்பாற்ற 2007-ல் அவசரச் சட்டமே வந்தது. எந்தக் கட்சி ஆட்சி என்று கேட்காதீர்கள். இந்த விஷயத்தில் அவர்களுக்குள் அபார ஒற்றுமை. நான் கேட்பது ஒன்றுதான். பணம் கட்டினால் சந்து அகலமாகுமா? ரசீதைக் காட்டினால் தீயணைப்பு வண்டி உள்ளே நுழைந்துவிடுமா?

2017 மே 31-ஆம் தேதி விடியற்காலையில் தி.நகரில் சென்னை சில்க்ஸ் எரிந்ததை டி.வி.யில் பார்த்தோம். ஒரு நாளுக்கு மேல் எரிந்தது. கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்து விழுந்தது, மிச்சத்தை இடிக்க வேண்டியிருந்தது. கடை திறக்காத நேரம் என்பதால் பிழைத்தோம். அதே தீ தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்குப் பிடித்திருந்தால்? அந்தக் கேள்விக்கு விடை கண்டுபிடிக்காமலேயே அடுத்த தீபாவளிக்கு அதே தெருவுக்குப் போனோம். நானும்தான் போனேன்.

நமக்கு ஒவ்வொரு சாவும் ஒரே ஒரு பாடம்தான் கற்றுத் தருகிறது. 2004-ல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் கருகினார்கள். பள்ளிக் கூரைகளில் ஓலையைப் பிரித்தோம். நல்ல காரியம்தான். ஆனால் ஓலையைப் பிரித்ததோடு பாடம் முடிந்தது. 2024 டிசம்பரில் திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் தீ. புகையில் லிஃப்ட்டுக்குள் சிக்கி ஆறு பேர் செத்தார்கள். அதில் ஒரு குழந்தை. அங்கே ஓலை இல்லை. தீக்கு ஓலைதான் வேண்டும் என்று கட்டாயமா என்ன?

*

'ஸ்பிரிங்க்ளர் திறந்தால் பட்டுச் சேலையெல்லாம் நனைந்துவிடுமே' என்று ஒரு கடைக்காரர் என்னிடம் நிஜமாகவே கேட்டார். ஒரு சாதாரண ஹெட் நிமிடத்துக்குச் சுமார் 80 லிட்டர் விடும். தீயணைப்பு வீரர்கள் கையில் பிடிக்கும் ஒற்றைக் குழாயே அதைப் போலப் பல மடங்கு அடிக்கும். அவர்கள் டிராஃபிக்கில் நீந்தி வருவதற்குள் தீயும் பல மடங்காகியிருக்கும். நனைந்த சேலையைத் தள்ளுபடியில் விற்கலாம். சாம்பலை என்ன ஆடி மாதத்தில் விற்பது?

'சின்ன வியாபாரி எங்கே போவான்?' நியாயமான கேள்வி. பெட்டிக்கடைக்கு யாரும் ஸ்பிரிங்க்ளர் கேட்கவில்லை. டி.வி.யில் அரை மணிக்கு ஒரு தடவை பாட்டுப் பாடி விளம்பரம் கொடுப்பவர்களிடமிருந்து ஆரம்பிக்கலாம்.

'ஸ்பிரிங்க்ளர் இருந்தால் போதுமா?' போதாது. பூட்டிய அவசர வழியை அது திறக்காது. படிக்கட்டில் அடுக்கிய பெட்டியை நகர்த்தாது. எரிகிற வயரை மாற்றாது. ஆனால் தீயைச் சின்னதாகவே வைத்திருந்து, நீங்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டைக் கண்டுபிடிக்கும் வரை அவகாசம் வாங்கித் தரும். எனக்கு அந்த அவகாசம் வேண்டும்.

லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்ற அடுக்குமாடியில் 2017-ல் 72 பேர் செத்தார்கள். வீடுகளில் ஸ்பிரிங்க்ளர் இல்லை. அதற்குப் பிறகு இங்கிலாந்தில், 30 மீட்டருக்கு மேற்பட்ட புதுக் குடியிருப்புகளுக்குத்தான் ஸ்பிரிங்க்ளர் என்று இருந்த விதியை 2020-ல் 11 மீட்டருக்கு இறக்கினார்கள். பக்கத்தில் வேல்ஸ், 72 பேர் சாகும் வரை காத்திருக்கவில்லை. 2016-லிருந்தே புதிதாகக் கட்டும் எல்லா வீட்டுக்கும் ஸ்பிரிங்க்ளர் கட்டாயம். இரண்டு வழிகளும் கண் முன்னால் இருக்கின்றன. நாம் எந்த வழி?

நான் கேட்பவை நான்கு. எதற்கும் புது விஞ்ஞானம் வேண்டாம்.

ஒன்று: வயர்மேனுக்கு இருப்பது போல ஸ்பிரிங்க்ளர் ஃபிட்டருக்கும் பயிற்சி, பரீட்சை, உரிமம். ஒன்பது வருடம் மாட்டிய என் திருவண்ணாமலைத் தம்பி அந்தப் பரீட்சையில் முதல் வகுப்பில் தேறுவார். பிரஷர் டெஸ்ட் முடிந்து அவர் கையெழுத்துப் போடாமல் ஃபால்ஸ் சீலிங் மூடக்கூடாது. அந்தக் கையெழுத்துக்கு மரியாதை வந்தால், கூலியும் இடுப்பு பெல்ட்டும் பின்னாலேயே வரும்.

இரண்டு: பிளானில் எழுதிய உபயோகம் மாறினால், ஸ்பிரிங்க்ளர் கணக்கையும் திரும்பப் போட வேண்டும். போடும் வரை அந்த மாடிக்குப் பூட்டு.

மூன்று: மகாராஷ்டிராவில் 2006-ஆம் வருடச் சட்டப்படி, உரிமம் பெற்ற நிறுவனத்திடம் வருடத்துக்கு இரண்டு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும், கட்டட உரிமையாளர் பராமரிப்புச் சான்றிதழ் வாங்கித் தர வேண்டும். அங்கேயும் தீ விபத்து நடக்கிறது, மறுக்கவில்லை. வாங்கிய சான்றிதழை ஃபைலுக்குள் வைத்தால் யாருக்கு லாபம்? இங்கே அதைக் கடை வாசலில், 'செருப்பைக் கழற்றவும்' போர்டு பக்கத்தில் ஒட்டுங்கள். கடைசியாகத் தண்ணீர் திறந்து பார்த்த தேதி, பார்த்தவர் பெயர், வால்வுச் சாவி வைத்திருப்பவர் பெயர்.

நான்கு: வால்வைத் திறந்த நிலையில் சங்கிலி போட்டுப் பூட்ட வேண்டும். மூடுவதென்றால் எழுத்தில் அனுமதி வாங்கி, எப்போது திறப்போம் என்றும் எழுதி மூட வேண்டும்.

*

இவ்வளவு வீராவேசமாக எழுதிவிட்டு ஒன்றை மறைத்தால் நான் யோக்கியன் இல்லை.

நான் குடியிருப்பது ஒரு அடுக்குமாடி. கீழே கார் நிறுத்தும் தளத்தில் ஸ்பிரிங்க்ளர் உண்டு. மூன்று வருடம் முன்பு சங்கக் கூட்டத்தில் மாதப் பராமரிப்புத் தொகையை உயர்த்தும் பேச்சு வந்தது. உயர்த்தாமல் சமாளிக்க எதைக் குறைக்கலாம் என்று பட்டியல் படித்தார்கள். தோட்டக்காரரைக் குறைக்கக்கூடாது என்றார் ஒரு மாமி. ஜிம்மைத் தொடக்கூடாது என்றார்கள் இளவட்டங்கள். 'ஃபயர் பம்ப் வருட கான்ட்ராக்ட்' என்று செயலாளர் படித்தார். ஒரு முறை கூட உபயோகப்படவில்லையே என்றார் ஒருவர். சிரித்தோம். கை தூக்கச் சொன்னார்கள். நானும் தூக்கினேன்.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய மறுநாள் காலை எங்கள் பம்ப் ரூமுக்குப் போனேன். சாவி யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் ஆயிற்று. உள்ளே போய் மீட்டரைப் பார்த்தேன்.

பூஜ்யம்.

அந்த மருத்துவமனை ஊழியரை மனசுக்குள் எவ்வளவு திட்டியிருந்தேனோ, அத்தனையும் எனக்கே திரும்பி வந்தது. அவராவது தான் சேர்வதற்கு முன்னால் மூடியது என்றார். நான் கை தூக்கி மூடியவன். அடுத்த கூட்டத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பவும் கை தூக்கினேன். பம்ப் ஓடுகிறது. கடைசி மாடியின் குழாய் முனையில் டெஸ்ட் வால்வ் என்று ஒன்று உண்டு. மாதம் ஒரு முறை அதைத் திறந்து, தண்ணீர் வருகிறதா, மணி அடிக்கிறதா என்று பார்க்கிறோம். ஐந்து நிமிட வேலை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை டிபன் முடிந்ததும் உங்கள் கட்டடத்தின் பம்ப் ரூமுக்குப் போங்கள். சாவி யாரிடம் என்று கேளுங்கள். மீட்டரைப் பாருங்கள். முள் பூஜ்யத்தில் படுத்திருந்தால் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். அன்றைக்கே செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.